உப்புக்காற்றில் ஒரு திருகாணி

போன ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணி இருக்கும். மாடியில் தடால் என்று ஒரு சத்தம். பூனை எதையாவது தள்ளியிருக்கும் என்று புரண்டு படுத்தேன். காலையில் போய்ப் பார்த்தால், மாடி ஷெட்டின் இரும்புத் தூணில் மாட்டியிருந்த பெரிய விளக்கு, கண்ணாடி சுக்கு நூறாகத் தரையில் கிடந்தது. கூண்டோடு சேர்த்து 6 கிலோ இருக்கும். அது விழுந்த இடத்தில்தான் என் மனைவி தினமும் மோடா போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வாள்.

அவள் மேலே வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏங்க, இது என் தலைல விழ வேண்டியதா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் விளக்கை மாட்ட ஆளைக் கூப்பிட்டவன் நான். திருகாணி வாங்கி வந்தவனும் நான்.

உடைந்ததைப் பொறுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். விளக்கைத் தாங்கிய எஸ்.எஸ். பட்டை புதுக் கருக்கு மாறாமல் பளபளவென்று இருந்தது. அதை மாட்டியிருந்த இரும்புத் தூணிலும் பெயிண்ட் பெரிதாகக் கெடவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்த நாலு திருகாணிகள்தான் போய்விட்டன. தலை தனியாக, தண்டு தனியாக. உள்ளே இருந்த தண்டு தீக்குச்சி கனத்துக்கு இளைத்திருந்தது. கையில் வைத்துத் தேய்த்தால் செம்மண் மாதிரி உதிர்ந்தது.

பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் இருந்த திருகாணியை மட்டும் யார் தின்றது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் 260 வருஷத்துக் கதை ஒன்று கிடைத்தது. அதைத்தான் இன்று எழுதுகிறேன். கடற்கரைப் பக்கம் குடியிருக்கிற அன்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எங்கள் வீடு குருசுக்குப்பத்தை ஒட்டி இருக்கிறது. அலைச் சத்தம் கேட்கும் தூரம். 7 வருஷத்துக்கு முன்னால் மாடியில் ஷெட் போட்டபோது, தூண்களுக்கு நல்ல கனமான ஐ-கர்டர் போட்டோம். விளக்குக்குப் பட்டையும் எஸ்.எஸ்.ஸில் செய்யச் சொன்னேன். கடைசியில் திருகாணி வாங்கப் போனேன். கடைக்காரர், "சார், எஸ்.எஸ். போல்ட்டு வேணுமா, ஜிங்க் போட்ட செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூ போதுமா?" என்று கேட்டார். ஒன்று 10 ரூபாய், மற்றது 2 ரூபாய். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கை எங்கே போகும்? குறைந்த விலைப்புள்ளிக்குத்தானே போகும். நாலு திருகாணியில் 32 ரூபாய் மிச்சம் பிடித்தேன். பெரிய சாமான் எல்லாம் உறுதியாக இருக்கிறது, இத்தனூண்டு ஸ்குரூவில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

ஸ்டோர் ரெஜிஸ்டரிலும் அப்படித்தான் எழுதி வந்தேன். கர்டருக்குத் தனிப் பக்கம், தகட்டுக்குத் தனிப் பக்கம். திருகாணிக்கு மட்டும் 'பலவகை' என்று ஒரே வரி.

இனி கதைக்கு வருகிறேன். நம் ஊரில் சுஃப்ரேன் வீதி தெரியாதவர் இல்லை. அந்தப் பெயருக்குரிய பிரெஞ்சு தளபதி சுஃப்ரேன், 1782லும் 1783லும் நம் கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூஸோடு ஐந்து முறை மோதினார். சதுரங்கப்பட்டினத்துக் கடலில் தொடங்கி, 1783 ஜூன் 20ஆம் தேதி கடலூர்க் கடலில் கடைசிச் சண்டை. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். சுஃப்ரேனுக்கு ஒரு பெரிய குறை இருந்ததைப் பிற்காலத்தில்தான் படித்தேன். அவருடைய கப்பல்களில் சிலவற்றுக்குத்தான் அடிப்பாகத்தில் செப்புத் தகடு போர்த்தியிருந்தது. மற்றவை வெறும் மரம். வெறும் மரத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகத்தைக் குறைக்கும், கடற்புழு மரத்தைத் துளைக்கும். செம்பு போர்த்திய கப்பலும் போர்த்தாத கப்பலும் ஒரே அணியில் போனால் வேகம் ஒத்துப்போகாது.

கப்பலுக்குச் செம்பு போர்த்துகிற இந்த யோசனையை ஆங்கிலக் கடற்படை முதலில் சோதித்துப் பார்த்தது 1761இல். 'அலாரம்' என்ற 32 பீரங்கிக் கப்பலின் அடிப்பாகம் முழுவதும் மெல்லிய செப்புத் தகட்டால் போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1763இல் திரும்பி வந்த பிறகு சோதித்தார்கள். செம்பு அப்படியே இருந்தது. புழு இல்லை, பாசி இல்லை. ஆனால் தகட்டை மரத்தோடு பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்து போயிருந்தன. சில இடங்களில் தகடே கழன்று போயிருந்தது.

இதில் ஒரு சின்ன விஷயம்தான் முக்கியமானது. எல்லா ஆணியும் கெடவில்லை. சில ஆணிகள் நன்றாகவே இருந்தன. ஏன் என்று பார்த்தால், செப்புத் தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்திருக்கின்றன. அடித்தவர்கள் சில இடங்களில் காகிதத்தை உரிக்காமலே ஆணி அடித்துவிட்டார்கள். ஆணித் தலைக்கும் செம்புக்கும் நடுவே காகிதம் சிக்கிய இடத்தில் இரும்பு பிழைத்துக்கொண்டது. காகிதம் இல்லாமல் நேரே தொட்ட இடத்தில் இரும்பு அழிந்தது. தொழிலாளியின் சோம்பல் ஒரு பெரிய உண்மையைக் காட்டிக் கொடுத்தது.

இரும்பும் செம்பும் உப்புத் தண்ணீரில் ஒன்றை ஒன்று தொடக் கூடாது என்று அதிகாரிகளுக்குப் புரிந்தது. ஆனாலும் அவசரத்தில் பல கப்பல்களுக்கு இரும்பு போல்ட்டுகளை வைத்துக்கொண்டே செம்பு போர்த்தினார்கள். 1782 செப்டம்பரில் அட்லாண்டிக் புயலில் பெரிய கப்பல்கள் மூழ்கியபோது, உள்ளே போல்ட்டுகள் அரித்துப் போயிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதன் பிறகு 1780களிலேயே போல்ட்டையும் செம்பில் செய்ய ஆரம்பித்தார்கள். தகடு எதுவோ, போல்ட்டும் அதுவே.

ஏன் இப்படி நடக்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. இத்தாலியில் கால்வானி தவளைக் கால் துடித்ததைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டது 1791இல். வோல்ட்டா இரண்டு உலோகத் தகடுகளையும் நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையையும் அடுக்கி மின்சாரம் எடுத்தது 1800இல். கல்வே காலேஜில் எங்கள் பிசிக்ஸ் வாத்தியார், வோல்ட்டாவின் அடுக்கை வகுப்பிலேயே செய்து காட்டினார். செப்புக் காசு, துத்தநாகத் துண்டு, உப்புத் தண்ணீரில் நனைத்த பிளாட்டிங் பேப்பர். கம்பி இரண்டையும் நாக்கில் வைத்தால் சுருக்கென்றது. 'மெத்தால் நோபிள்' என்று சொல்வார். உயர்ந்த உலோகம் என்று அர்த்தம். உயர்ந்ததும் தாழ்ந்ததும் உப்பு ஈரத்தில் ஒட்டி உறவாடினால் தாழ்ந்தது தன்னைக் கரைத்துக் கொடுக்கும், உயர்ந்தது அப்படியே நிற்கும் என்பார். அன்று பரீட்சைக்கு எழுதினேன். என் மாடியில் அதே அடுக்கை நானே கட்டி வைத்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

அங்கே செம்பு, இங்கே எஸ்.எஸ். அங்கே இரும்பு ஆணி, இங்கே ஜிங்க் பூசிய இரும்புத் திருகாணி. உப்புத் தண்ணீருக்குப் பதில் உப்புக்காற்றும் மழையும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் அளவும் ஒரு விஷயம். உயர்ந்த உலோகம் பெரியதாகவும் தாழ்ந்தது சிறியதாகவும் இருந்தால், அரிப்பு முழுவதும் அந்தச் சிறியதன் மேல் குவிகிறது. அதனால் சீக்கிரம் போய்விடும். ஒரு அடி நீள எஸ்.எஸ். பட்டைக்கு நாலு சின்னத் திருகாணி என்றால், கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே சம்பளக்காரன் மாதிரி. இதையே திருப்பிப் போட்டால் ஆபத்து குறைவு. பெரிய இரும்புத் தூணில் சின்ன எஸ்.எஸ். போல்ட் போட்டால், அரிப்பு பெரிய பரப்பில் பரவி விடுகிறது. தூணுக்குப் பெயிண்டும் இருப்பதால் பாதிப்பு மெதுவாகத்தான் வரும், கண்ணுக்கும் தெரியும். அதனால் சாமானை விடத் திருகாணி ஒருபோதும் தாழ்ந்ததாக இருக்கக் கூடாது. சமமாக இருக்கலாம், உயர்வாக இருந்தால் நல்லது. நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு உரை.

ஜிங்க் பூசியிருந்ததே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். காப்பாற்றும். துத்தநாகம் இரும்பை விடத் தாழ்ந்தது. தான் கரைந்து இரும்பைக் காக்கும். உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கினால் துரு பிடிக்காது என்று 1742லேயே பாரிஸில் விஞ்ஞானக் கழகத்தின் முன் சொன்னவர் மலூவேன் என்ற பிரெஞ்சுக்காரர். அதைத் தொழிலாக ஆக்கி 1837இல் காப்புரிமை வாங்கியவர் சோரேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர். இன்று நாம் ஜி.ஐ. பைப், ஜி.ஐ. ஷீட் என்று சொல்வதெல்லாம் அவர் வழி வந்ததே.

ஆனால் பூச்சு எவ்வளவு கனம் என்பதில்தான் சூட்சுமம். கடையில் பளபளவென்று, சில சமயம் மஞ்சளாக மினுக்கும் ஸ்குரூவுக்கு மின்சாரத்தில் ஏற்றிய பூச்சு. 5 முதல் 8 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீட்டுக்குள் அது போதும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த போல்ட்டுக்குப் பூச்சு 40, 50 மைக்ரான் இருக்கும். பார்க்க மங்கலாக, சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். நான் அழகைப் பார்த்து வாங்கினேன். கடற்கரையில் மங்கலானதுதான் உழைக்கும். இன்னொன்று, அப்படி முக்கிய போல்ட்டில் மரை கொஞ்சம் தடித்துவிடும் என்பதால், அதற்கென்றே உள்மரை சற்றுப் பெரிதாக வெட்டிய நட்டைத்தான் போட வேண்டும். சாதாரண நட்டைப் போட்டு இறுக்கினால் ஏறாது.

மரை என்றதும் அப்பா ஞாபகம் வருகிறது. அப்பா பழைய கடல் பாலத்தில் ஃபிட்டர் வேலை பார்த்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது 1952 புயலில் அந்தப் பாலம் போய்விட்டது. பாலம் போன பிறகும் அவருடைய தகரப் பெட்டி வீட்டில் இருந்தது. போல்ட்டை 'பூலோன்' என்பார், நட்டை 'எக்ரூ' என்பார், திருகாணியை 'வீஸ்' என்பார். பெட்டிக்குள் நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. ஒரு பக்கம் பிரெஞ்சு சாமான், மறு பக்கம் மதராஸிலிருந்து வந்த இங்கிலீஷ் சாமான். ரெண்டையும் கலந்தால் முதுகில் ஒன்று விழும்.

காரணம் எனக்கு ஸ்டோர் வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது. இங்கிலாந்தில் விட்வொர்த் என்பவர் 1841இல் மரைக்கு ஒரே அளவு வகுத்தார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. அவருடைய மரையின் கோணம் 55 டிகிரி, கணக்கு அங்குலத்தில். 1898இல் சூரிச் நகரில் கூடிப் பேசி ஐரோப்பாவில் மில்லிமீட்டர் மரையை ஏற்றார்கள். அதன் கோணம் 60 டிகிரி. இங்கிலீஷ் பதினாறில் ஐந்து அங்குல போல்ட்டும் மெட்ரிக் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது 7.94 மி.மீ., இரண்டாவது 8. ஒன்றின் நட்டை மற்றதில் வைத்தால் ஒரு சுற்று ஏறும், பிறகு இறுகும். "நல்லா இறுகிடுச்சு" என்று ஆள் இறங்கிவிடுவான். உண்மையில் அது மரையில் உட்காரவே இல்லை, சிக்கிக்கொண்டு நிற்கிறது. பாரம் ஏறினால் பிய்த்துக்கொள்ளும். பழைய வீட்டு கர்டரிலோ பழைய கேட்டிலோ இருக்கிற துளைக்குப் புது போல்ட் தேடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கையாலேயே நாலு சுற்று தடையில்லாமல் ஏறினால்தான் அது அதன் ஜோடி.

அப்பாவிடம் இன்னொரு பேச்சு உண்டு. "தண்ணி நிக்கிற இடத்துல ஆணி நிக்காதுடா" என்பார். எந்தப் படிப்பிலும் வராத வாக்கியம். ஆனால் அதன் அருமையை எனக்குக் காட்டியது நியூயார்க்கில் நிற்கும் சுதந்திர தேவி சிலை.

அந்தச் சிலை பிரான்ஸ் கொடுத்த பரிசு என்பது தெரிந்ததே. செய்தவர் பார்த்தோல்தி. உள்ளே நிற்கும் இரும்புச் சட்டத்தை வகுத்தவர் பிற்பாடு பாரிஸில் கோபுரம் கட்டிய எய்ஃபெல். வெளியே தெரிவது செப்புத் தோல், கனம் 2.4 மி.மீ.தான். உள்ளே இரும்புத் தூண், அதிலிருந்து தோல் வரை நீளும் இரும்புப் பட்டைகள். பெரிய இரும்புச் சட்டத்தின் வெளியே ஒன்றை மாட்டி நிறுத்துவது எப்படி என்ற அதே கேள்விதான், அளவு மட்டும் 46 மீட்டர்.

எய்ஃபெலுக்கு 'அலாரம்' கப்பலின் பாடம் தெரியும். அதனால் இரும்புப் பட்டையைச் செப்புத் தோலோடு நேரே ஆணி அடித்துப் பிணைக்கவில்லை. செம்பிலேயே ஒரு வளைவுப் பட்டை செய்து, இரும்பின் மேல் சேணம் மாதிரி போட்டு, அந்தச் சேணத்தைத் தோலோடு செப்பு ரிவெட்டால் அடித்தார்கள். இரும்பு சேணத்துக்குள் கொஞ்சம் நகரலாம். வெயிலில் விரியவும் குளிரில் சுருங்கவும் இடம் உண்டு. செம்புக்கும் இரும்புக்கும் நடுவே, அரக்குச் சாயத்தில் நனைத்த கல்நார்த் துணி. கப்பலில் தற்செயலாகச் சிக்கிய காகிதத்தை இங்கே தெரிந்தே வைத்தார்கள்.

1886 அக்டோபர் 28ஆம் தேதி சிலை திறந்தது. கடல் காற்றும் மழையும் உள்ளே கசிந்து அந்தக் கல்நார்த் துணி நனைந்து நனைந்து உலர்ந்தது. கடைசியில் அது பிரிப்பதை விட்டுவிட்டு, பஞ்சு மாதிரி உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தது. இரும்பு துருப் பிடித்தது. துரு இரும்பை விட அதிக இடம் கேட்கும். சேணத்துக்குள் வீங்கிய இரும்பு, சேணத்தைத் தள்ளி, ரிவெட்டுகளைச் செப்புத் தோலிலிருந்து பிடுங்கிவிட்டது. 1980களில் பிரெஞ்சு, அமெரிக்க நிபுணர்கள் ஏறிப் பார்த்தபோது இதுதான் நிலைமை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே வளைவில் 316 எல் என்ற ரக எஸ்.எஸ்.ஸில் புதிதாகச் செய்து மாட்டினார்கள். நடுவில் தண்ணீர் குடிக்காத டெஃப்லான் நாடா. நூற்றாண்டு விழாவுக்காக 1986 ஜூலையில் மீண்டும் திறந்தார்கள்.

நடுவில் ஏதாவது வைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. வைக்கிற பொருள் தண்ணீர் குடிக்கக் கூடாது. சணல், துணி, அட்டை எல்லாம் இங்கே ஆகாது. நைலான் வாஷரோ, தரமான ரப்பர் வாஷரோதான் வேண்டும். அப்பா சொன்னதும் அதுதான்.

இனி எஸ்.எஸ். விஷயம். இரும்பில் குரோமியம் சேர்ந்தால் அமிலத்துக்குத் தாங்கும் என்று 1821இல் கண்டவர் பெர்த்தியே, அவரும் பிரெஞ்சுக்காரர். பட்டறையில் பயன்படும் துருப்பிடிக்காத எஃகை 1913இல் உருக்கியவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த பிரியர்லி. இதில் இப்போது பல ரகம். நாம் கடையில் 'எஸ்.எஸ். குடுங்க' என்று கேட்டால் மூன்றில் ஒன்று கிடைக்கும். 410 என்பது காந்தம் நன்றாகப் பிடிக்கும் ரகம். கடலோரத்தில் சீக்கிரம் பழுப்பேறும். 304 நம் சமையல் பாத்திர ரகம். ஊருக்குள் போதும். 316இல் மாலிப்டினம் என்ற உலோகம் கொஞ்சம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். கடற்கரைக்கு அதுதான். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொண்டால் 410ஐக் கண்டுபிடித்துவிடலாம். 304க்கும் 316க்கும் வித்தியாசம் காந்தத்தில் தெரியாது. தலையில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும். ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை.

தானே துளைத்துக்கொண்டு போகும் ஸ்குரூவிலும் ஒரு சங்கடம். 304, 316 ரகங்களைச் சூடுகாட்டிக் கடினப்படுத்த முடியாது. அதனால் அவற்றின் நுனி இரும்பைத் துளைக்காது. உடம்பு எஸ்.எஸ்.ஸாகவும் நுனி மட்டும் கடின எஃகாகவும் ஒட்டிச் செய்த ஸ்குரூ உண்டு, விலை அதிகம். கனமான கர்டருக்கு ஸ்குரூவே வேண்டாம், துளை போட்டு போல்ட் நட்டு மாட்டுவதுதான் சரி. பின்பக்கம் கை போகாத பெட்டி மாதிரித் தூணாக இருந்தால், துளையில் டேப் போட்டு மரை வெட்டலாம். 8 மி.மீ. போல்ட்டுக்கு 6.8 மி.மீ. துளை. இரும்பின் கனம் போல்ட்டின் குறுக்களவுக்காவது இருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் ரெண்டு மரை பிடித்து ஒன்றும் ஆகாது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, கார்த்திகை பிறந்ததும் ஒரு ஃபிட்டர் தம்பியை அழைத்தேன். ஷெட் போட்ட இன்ஜினியரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் துளை போடச் சொன்னேன். பாரம் தாங்கும் இரும்பில் நம் இஷ்டத்துக்கு ஓட்டை போடக் கூடாது. தூணின் பட்டையில் மேலே, ஓரத்தை விட்டுத் தள்ளி, நாலு துளை. துளையின் உள்விளிம்பில் பச்சை இரும்பு தெரிந்தது. அங்கே துத்தநாகம் கலந்த பிரைமர் தொட்டு வைத்தோம். பட்டைக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் அட்டை. ஏ4 என்று பொறித்த 8 மி.மீ. போல்ட், அதே ரகத்தில் நட்டு, வாஷர்.

தம்பி மெஷினை வைத்து இறுக்கப் போனான். "தம்பி, எஸ்.எஸ்.ஸுல எஸ்.எஸ். வேகமா ஏத்தினா ஒண்ணோட ஒண்ணு பிடிச்சிக்கும். கிரீஸ் தடவி, ஸ்பேனர்ல கையாலயே இறுக்குப்பா" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஐயா, நீங்க எந்தப் பட்டறைல இருந்தீங்க?" என்றான். "பட்டறை இல்லப்பா, ரெஜிஸ்டர்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

கடைசியில் போல்ட் தலையைச் சுற்றியும் ஒரு கோட்டு பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். "துருப் பிடிக்காததுக்கு எதுக்குய்யா பெயிண்டு?" என்றான். அதுவும் காரணத்தோடுதான். உயர்ந்த உலோகத்தை மூடினால்தான் அது இரும்பைத் தின்னும் பரப்பு குறையும். இரும்பை மட்டும் மூடி, அதில் எங்காவது ஒரு கீறல் விழுந்தால், அரிப்பு மொத்தமும் அந்தக் கீறலில் போய் நிற்கும்.

எல்லோரும் 316 வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜி.ஐ. ஷீட்டைப் பிடிக்க, நல்ல கனமான துத்தநாகப் பூச்சும் ரப்பர் வாஷரும் உள்ள ஸ்குரூவே அதற்கு ஏற்ற ஜோடி. கடற்கரையிலிருந்து தள்ளி வில்லியனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 304 தாராளம். எதை எதோடு சேர்க்கிறோம், அங்கே எவ்வளவு உப்பு, எவ்வளவு ஈரம் என்று பார்த்து வாங்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால் புரட்டாசியில், தலைக்கு மேல் தொங்குகிற ஒவ்வொன்றின் திருகாணியையும் ஏணி போட்டுப் பார்க்கவோ, ஆளை வைத்துப் பார்க்கவோ வேண்டும். தலையைச் சுற்றிச் சிவப்புக் கோடு வழிந்திருந்தால், உள்ளே தண்டு இளைக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டிலும் அந்தக் கோடு இருந்திருக்கும். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எத்தனையோ ஆயிரம் திருகாணிக்கு ரசீது போட்டிருக்கிறேன். அவை எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் தலைக்கு மேல் எதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவோ. 'பலவகை' என்று ஒரே வரியில் எழுதிய கை இது. இப்போது நினைத்தால் கொஞ்சம் கூசுகிறது.

புது விளக்கு மாட்டி மூன்று மாதம் ஆகிறது. அசையவில்லை. போல்ட் பற்றி, கப்பல் பற்றி, சிலை பற்றி எல்லாம் மனைவிக்கு விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் பார்த்தேன். வழக்கம்போல மாடியில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மோடா மட்டும் பழைய இடத்திலிருந்து ரெண்டு அடி தள்ளி இருந்தது.